ராஜா கல்யாணத்துக்குப் போன கதை

"நான் போகப் போறதில்லை. இந்த ஜன்மத்துல இல்லை. அடுத்த ஜன்மத்துலயும் யோசிச்சுத்தான் சொல்வேன்."

திருவனந்தபுரம் கரமனை அக்ரஹாரத்தில், தன் சொந்த வீட்டுக் கூடத்தில், ரசம் சாதத்துக்கும் மோர் சாதத்துக்கும் நடுவில் வலது கையை ஓங்கி சாம்பசிவன் இந்தச் சபதத்தைப் பண்ணினார். ஓங்கின கையிலிருந்து ரசம் முழங்கை வரைக்கும் வழிந்தது. சபதம் பண்ணுகிறவன் அதையெல்லாம் பார்க்கக் கூடாது. அவர் பார்க்கவில்லை.

"மோர் விடட்டுமா?" என்றாள் மனைவி லலிதாம்பாள்.

"நான் சொன்னது காதுல விழுந்துதா?"

"விழுந்துது. கையைக் கீழ போடுங்கோ, வேஷ்டியெல்லாம் ரசம்."

இத்தனை பெரிய சபதத்துக்கு இவ்வளவுதான் மரியாதை. விஷயம் இதுதான். சாம்பசிவனின் சொந்தத் தம்பி மஹேஷ். மஹேஷின் ஒரே பெண் மாளவிகா. அவளுக்கு ஆவணியில் கல்யாணம். போகமாட்டேன் என்று சாம்பசிவன் சொன்னது அந்தக் கல்யாணத்துக்குத்தான்.

ஒரே தெருவில் பத்து வீடு தள்ளி இருக்கிற தம்பியோடு பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. சொத்துத் தகராறா? இல்லை. சொத்தே இல்லை, அப்புறம் என்ன தகராறு. சண்டை போளியால் வந்தது.

மஹேஷ் போளிக்கடை வைத்திருக்கிறான். திருவனந்தபுரத்துக்காரர்களுக்குப் போளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: மஞ்சளாக, பட்டுத்துணி போல மெல்லிசாக, உள்ளே கடலைப்பருப்பும் வெல்லமும் பூர்ணமாக வைத்தது. இதன் மேல் பால்பாயசத்தை ஊற்றி, பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட வேண்டும். ஒருநாள் தாடி வைத்த ஒரு பையன் கேமராவோடு கடைக்கு வந்தான். சாப்பிட்டான், "ஹோ!" என்றான், இந்தக் கைப்பக்குவம் எங்கிருந்து வந்தது என்று கேட்டான். அம்மாகிட்ட நேரே கத்துண்டேன் என்றான் மஹேஷ். கூடப் பிறந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டான் பையன்.

"அண்ணா இருக்கார்," என்றான் மஹேஷ் சிரித்துக்கொண்டே. "அவருக்குப் போளி திங்க மட்டும்தான் தெரியும்."

அந்த வீடியோவைத் திருவனந்தபுரம் பார்த்தது. துபாய் பார்த்தது. அமெரிக்காவில் இருக்கிற மச்சினன் பார்த்துவிட்டு சிரிக்கிற பொம்மையை அனுப்பினான். கழக்கூட்டம் பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுக்கிற போது முகத்தை உற்றுப் பார்த்தான். நெஞ்சு படபடக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், மாரில் ஒயர் ஒட்டுகிற நர்ஸ், "சார், போளி தின்னுந்ந சேட்டன் அல்லே?" என்று கேட்டாள். போளி திங்கிற அண்ணன் நீங்கள்தானே என்று அர்த்தம். அந்த ஈசீஜி எப்படி நேராக வரும்?

காலேஜ் முடிந்து வேலை கிடைக்காமல் இருந்த நாளில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூர்ணம் கிளறினவர் சாம்பசிவன். வாழை இலையில் எண்ணெய் தடவி, விரல் நுனியால் ஓரம் வெடிக்காமல் தட்டினவர் சாம்பசிவன். அப்போது மஹேஷ் என்ன செய்தான்? தின்றான். தின்றவன் ஹீரோவாகிவிட்டான், தட்டினவர் தின்னியாகிவிட்டார். இதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

எல்லாம் சரி. ஆனால் மாளவிகா?

சாம்பசிவனுக்கும் லலிதாவுக்கும் குழந்தை இல்லை. மாளவிகா பிறந்த போது அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், அந்தக் குழந்தை லலிதாவின் இடுப்பில்தான் வளர்ந்தது. எல்கேஜியில் ஆரம்பித்து பன்னிரண்டாவது வரைக்கும் டிபன் டப்பா கட்டினது லலிதா. இப்போது கழக்கூட்டத்தில் பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன வாரம் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றாள்.

"பெரியப்பா, வரணும் கேட்டேளா. ப்ளீஸ். அடிபொளியா, ஜோரா ஒரு சேர் உங்களுக்குன்னு போடச் சொல்லியிருக்கேன்."

சாம்பசிவன் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். தலைகீழாகப் பிடித்திருந்தார். பேப்பருக்கு அந்தப் பக்கம் குழந்தை கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது. அப்புறம்தான் அவர் பேப்பரை நேராகத் திருப்பினார்.

ஆகவே சபதம். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவர் போகாமல் இருந்து, லலிதா மட்டும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் நின்றால், சபதம் பாதி சபதமாகிவிடும். "அவருக்கு உடம்பு சரியில்லை," என்று சொல்லி சமாளித்துவிடுவாள். சபதம் பண்ணினவனை நோயாளியாக்கிவிடுவாள். கூடாது. லலிதாவும் போகக்கூடாது.

போகாதே என்று சொல்லலாமே என்பீர்கள். கல்யாணமான நாளிலிருந்து சாம்பசிவன் லலிதாவிடம் பலதும் சொல்லியிருக்கிறார். "உங்க இஷ்டம்," என்று அவளும் பதில் சொல்லியிருக்கிறாள். நடந்ததெல்லாம் அவள் இஷ்டம். நேர்வழி உதவாது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

வழி ஒரு புஸ்தக ரூபத்தில் வந்தது.

தமிழ் லைப்ரரியில் அது கிடைத்தது. செங்கல் கனம். மொன்டாலியா என்று ஏதோ ஒரு சின்ன ராஜ்யம், கடலுக்கு அந்தப் பக்கம். அங்கே இன்றைக்கும் ராஜா உண்டு, அரண்மனை உண்டு. அண்ணன் தம்பி என்று இரண்டு பேர். தம்பி டீவியில் பேட்டி கொடுத்தான். "என் அண்ணனுக்கு மெடல் குத்திக்க மட்டும்தான் தெரியும்," என்றான். உலகம் முழுக்கப் புகழ். அண்ணன் ராஜா பேச்சை நிறுத்தினான். அப்புறம் குத்து, வெட்டு, கோள், பழிக்குப் பழி. கடைசியில் தம்பி ஒரு கடற்கரை ஊரில் கல்யாணம் பண்ணிக்கொள்கிறான். தம்பியே எழுதின புஸ்தகம். உலகத்துப் பாஷை எல்லாவற்றிலும் வந்து, தமிழிலும் வந்துவிட்டது.

சாம்பசிவன் ஒரே மூச்சில் படித்தார். 'மெடல் குத்திக்க மட்டும்தான் தெரியும்' என்ற இடத்தில், "அடப்பாவி, அங்கேயுமா!" என்று கத்திவிட்டார். கடைசியில், தம்பி கல்யாணத்துக்கு அண்ணன் போகவில்லை. முன்வரிசையில் அண்ணனுக்குப் போட்ட நாற்காலி காலியாகவே கிடந்தது, தம்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றான் என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் சாம்பசிவன் வேகமாகத் திருப்பினார். அது பிடிக்கவில்லை.

அப்போதுதான் யோசனை உதித்தது. லலிதாவுக்குக் கதை என்றால் உயிர். ஆனால் தமிழ் எழுத்து தெரியாது. இங்கேயே பிறந்து, இங்கேயே மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் பேசினால் தெருவே கேட்கும். படி என்றால் 'க' எது 'த' எது என்று கேட்பாள். சாம்பசிவனோ கல்லிடைக்குறிச்சியில் மாமா வீட்டில் தங்கித் தமிழ் படித்தவர். புஸ்தகத்தை அவர் வாசித்துக் காட்டினால், அவர் வாசிப்பதுதானே அவளுக்குப் புஸ்தகம்?

மறுநாள் மத்தியானம் லலிதா தேங்காய் துருவ உட்கார்ந்ததும், சாம்பசிவன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"லலிதா, ஒரு அருமையான புஸ்தகம். ராஜகுடும்பத்துக் கதை. உனக்குப் படிச்சுக் காட்டறேன்."

"எனக்கா? என்ன திடீர்னு?"

"பொண்டாட்டிக்குப் படிச்சுக் காட்டறது தப்பா?"

"தப்பில்லை. படிங்கோ. பேரெல்லாம் என் வாயில நுழையாது கேட்டேளா. பெரியவன், சின்னவன்னு சொல்லுங்கோ."

பேட்டி, புகழ், சண்டை எல்லாம் உள்ளபடி வாசித்தார். லலிதா உச்சுக்கொட்டினாள். சின்னவனைத் திட்டினாள். சாம்பசிவனுக்கு உச்சி குளிர்ந்தது. மூன்றாம் நாள் கல்யாணக் கட்டம் வந்தது. அங்கேதான் அவர் புஸ்தகத்தில் இருப்பதை விட்டுவிட்டு, இல்லாததைப் படிக்க ஆரம்பித்தார்.

"போகாதேன்னு பெரியவர் சொல்லியும் கேக்காம, பெரிய ராணி மட்டும் தனியாக் கல்யாணத்துக்குப் புறப்பட்டா."

"எதுல போனா?"

"எதுலயோ போனா. குதிரை வண்டில."

"டீவியெல்லாம் இருக்குன்னேளே. இன்னும் குதிரை வண்டியா?"

"ராஜகுடும்பம்டி. கல்யாணம் கார்த்திகைன்னா குதிரை வண்டிதான்."

"சரி. பட்டுப்பொடவையா கட்டிண்டா?"

"கவுன்."

"பட்டு கவுனா?"

"பட்டுதான், பட்டுதான்! இப்போ அதுவா முக்கியம்? அங்கே போய் எறங்கினா. வாங்கோன்னு ஒரு நாய் சொல்லலை. ராஜா எங்கே, ராஜா எங்கேன்னு எல்லாரும் கேக்கறா. இவளுக்குப் பதில் சொல்ல வாய் வரலை. கையைப் பிசைஞ்சுண்டு நிக்கறா. பந்தியில இவளுக்கு இலை போடலை."

"அவா ஊர்ல வாழையிலை உண்டா?"

"தட்டு. தட்டு போடலை! பசியோட, வெக்கத்தோட, அதே வண்டில திரும்பி வந்தா. வந்து பாத்தா அரண்மனையில ராஜா ஒண்டியா உக்காந்து காய்ஞ்ச ரொட்டியைத் தண்ணில தொட்டுத் தின்னுண்டிருக்கார். 'போகாதேன்னு சொன்னேனே,'ன்னு ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். ராணி பொலபொலன்னு அழுதுட்டா."

லலிதா தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"ஏன்னா, வேண்டாம். நானும் மாளு கல்யாணத்துக்குப் போகலை. உங்களை விட்டுட்டுப் போய் நின்னா எனக்கும் இந்தக் கதிதானே?"

சாம்பசிவனுக்குக் காதை நம்ப முடியவில்லை. ஒரு மாசம் வாசிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தது மூன்றே மத்தியானத்தில் முடிந்துவிட்டது. முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு, "உன் இஷ்டம்," என்றார். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. சாயங்காலம் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார்.

மறுநாள் மத்தியானம் லலிதா பயத்தங்காயை நறுக்க எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உம், மீதியைப் படிங்கோ."

"மீதியா? கதை முடிஞ்சுதே."

"எங்கே முடிஞ்சுது? இன்னும் இத்தனை பக்கம் பாக்கி இருக்கே. எழுத்துதான் தெரியாது, கனம் கூடவா தெரியாது?"

சாம்பசிவன் புஸ்தகத்தைப் பார்த்தார். பாக்கி இருந்த கனம் எல்லாம் தம்பியும் அவன் புதுப்பெண்டாட்டியும் கோழி வளர்த்த கதை. அதைப் படிக்க முடியுமா? சும்மா ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

"அது... அப்பறம் எல்லாரும் அவாவா வேலையைப் பாத்தா."

"அதெப்படி? ராஜா வரலைன்னு ஊர் என்ன சொல்லித்து?"

"ராஜா ரோஷக்காரர்னு சொல்லித்து."

"நிஜம்மாவா? நம்ம கரமனையா இருந்தா அப்படிச் சொல்லமாட்டாளே. தம்பி சொன்னது உண்மையாக்கும், அதான் மூஞ்சியைக் காட்டாம ஒளிஞ்சுண்டிருக்கான்னு பின்னே சொல்வா."

சாம்பசிவனுக்குச் சுருக்கென்றது. இந்தக் கோணத்தில் அவர் யோசிக்கவே இல்லை. கல்யாண மண்டபத்தில் நானூறு பேர் இலையில் உட்கார்ந்து, போளியைப் பிய்த்துக்கொண்டே, "திங்க மட்டும் தெரிஞ்சவர் திங்கறதுக்குக்கூட வரலை பாருங்கோ," என்று சிரிப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

"இந்த ஊர் வேற, அந்த ஊர் வேற," என்றார். குரலில் பலம் இல்லை.

"சரி, அது போகட்டும். பொண்டாட்டி பட்டினியாத் திரும்பி வந்தாளே. ராஜா அதைக் கேட்டுண்டு சும்மாவா இருந்தார்? ரொட்டியைத் தின்னு முடிச்சுட்டு கையை அலம்பிண்டு தூங்கப் போயிட்டாரா?"

"ராஜாடி அவர்! சும்மா இருப்பாரா?"

"அதானே! நானும் நெனச்சேன். என்ன பண்ணினார்?"

"வாளை எடுத்தார்."

"ஐயோ! எடுத்துண்டு?"

"எடுத்துண்டு பொறப்பட்டார்."

"எங்கே?"

"எங்கே போவார்? கல்யாணத்துக்குத்தான்!"

சொன்ன பிறகுதான் சாம்பசிவன் வாயை மூடினார். ஆனால் ராஜா கிளம்பியாகிவிட்டது. கிளம்பின ராஜாவை எப்படித் திருப்பிக் கூப்பிடுவது?

"கல்யாணம்... கல்யாணம்தான் அன்னிக்கே முடிஞ்சு போச்சே," என்று ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தார்.

"ராஜாவீட்டுக் கல்யாணம் ஒரு நாள்ல முடியுமோ? நாலு நாள் இருக்காதா? ராணி போனது முதல் நாள்தானே?"

"ஆமா," என்றார் சாம்பசிவன், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "இங்கே போட்டிருக்கு. நாலு நாள்."

"பாத்தேளா! படிங்கோ, படிங்கோ. ராஜா உள்ள நுழைஞ்சப்போ எப்படி இருந்துது?"

அந்தக் கேள்வியில்தான் சாம்பசிவன் விழுந்தார். இரண்டு வருஷமாக அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சி அது. கண்ணாடியைக் கழற்றிவிட்டார். புஸ்தகத்தை மூடியே விட்டார். ராஜா நுழைந்தார். பாண்டு வாத்தியம் நின்றது. சபை எழுந்தது. சின்னவன் வெலவெலத்துப் போனான். ராஜா யாரையும் பார்க்காமல், நேரே முன்வரிசைக்குப் போய், மீசையை ஒரு தடவை நீவிவிட்டு உட்கார்ந்தார். கல்யாணப் பெண்ணை ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் ராஜா மேல்.

"வாளால வெட்டிட்டாரா?" லலிதா பயத்தங்காயை அப்படியே விட்டுவிட்டுக் கேட்டாள்.

"சே, சே. கல்யாண வீட்டுல வெட்டறதாவது. அதைவிடப் பெரிய பழி வாங்கினார். விருந்துல கேக் வந்தது. சின்னவனே தன் கையால வெட்டிக் கொண்டுவந்து வெச்சான். ராஜா பாத்தார். தொடலை!"

"தொடலையா!"

"ஒரு விரலால தொடலை. நானூறு பேர் பாத்துண்டிருக்கா. கேக் அப்படியே இருக்கு. ராஜா எழுந்தார், கையை உதறினார், போயிட்டார். சின்னவன் மானம் கப்பலேறிடுத்து."

"அம்மாடி! அதாக்கும் பழி. போகாம ஒளிஞ்சுண்டிருந்தா இது நடக்குமா?" என்றாள் லலிதா. பயத்தங்காயை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

சாம்பசிவன் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். இலை. இலையில் போளி. மஹேஷே பரிமாறுகிறான். தொடாமல் எழுந்திருக்கிறார். போளி திங்க மட்டும் தெரிஞ்சவர் போளியைத் தொடாமல் போகிறார்! இதை அந்தத் தாடிப்பையன் வீடியோ எடுக்கட்டும். துபாய் பார்க்கட்டும். நர்ஸ் பார்க்கட்டும்.

"லலிதா!" என்று அடுக்களை வாசலில் போய் நின்றார். "நாம கல்யாணத்துக்குப் போறோம்."

"ஐயையோ, வேண்டாம்னா. சபதம் பண்ணியிருக்கேள்."

"பண்ணினவன் நான். அதை எப்படி நிறைவேத்தறதுன்னு எனக்குத் தெரியும்."

"எனக்கு என்னமோ மனசே இல்லை. நீங்க சொன்னா எதிர்வார்த்தை பேசமாட்டேன். உங்க இஷ்டம்."

அன்று சாயங்காலமே பெட்டியிலிருந்து அரக்குப் பட்டுப்புடவை வெளியே வந்தது. அதற்குப் பொருத்தமாகப் புது ரவிக்கை, தைத்துத் தயாராக இருந்தது. "இது எப்போ தெச்சே?" என்று சாம்பசிவன் கேட்டார். "சும்மா ஒண்ணு இருக்கட்டுமேன்னு," என்றாள். பழிவாங்கப் போகிறவனுக்கு ரவிக்கையில் என்ன ஆராய்ச்சி? அவர் விட்டுவிட்டார்.

கல்யாணத்தன்று காலை எழுந்ததும் காப்பி கேட்டார்.

"பால் திரிஞ்சு போச்சு. மண்டபத்துல நல்ல காப்பி கிடைக்கும். வாங்கோ, நேரமாச்சு."

ராஜா மண்டபத்துக்குள் நுழைந்தார். நாகஸ்வரம் நிற்கவில்லை. அந்த நிமிஷம் பார்த்து நாகஸ்வரக்காரன் இன்னும் பலமாக ஊதினான். சபை எழுந்திருக்கவில்லை. சபை அங்கே இருந்தால்தானே! எல்லோரும் கீழே டிபனில் இருந்தார்கள். முன்வரிசையில் ஒரு குழந்தை மட்டும் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. சாம்பசிவன் மீசையை நீவப் போனார். மீசை இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

மஹேஷ் ஓடி வந்தான். பஞ்சகச்சம், வெற்று மார்பு, கண்ணெல்லாம் சிவப்பு. வந்தவன் அத்தனை செருப்பும் கிடக்கிற இடத்தில் அண்ணா காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். இது ராஜா கதையில் இல்லாத கட்டம்.

"அண்ணா, டிபன் சாப்பிட்டுடலையே?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். பேச்சு கிடையாதே.

"நல்லதாப் போச்சு. நீங்களும் மன்னியும்தான் மணையில உக்காந்து கன்னிகாதானம் பண்ணிக் கொடுக்கணும். எனக்கும் அவ அம்மாவுக்கும் மனசு அதுதான். மாளு உங்காத்துப் பொண்ணு. நான் பெத்தேன், அவ்வளவுதான்."

முடியாது என்று சொல்ல சாம்பசிவன் வாயைத் திறந்தார். அதற்குள் மாளவிகா வந்து நின்றாள். மடிசார், தலைநிறையப் பூ, கையெல்லாம் மருதாணி. கேலி கிண்டல் எல்லாம் எங்கேயோ போயிருந்தது.

"பெரியப்பா, உங்க மடியில உக்காந்துதான் ஹோம்வொர்க் பண்ணினேன். இன்னிக்கு மட்டும் வேற மடிக்குப் போகச் சொல்றேளா?"

வாள் எங்கே விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை. யாரோ வேஷ்டியைப் பஞ்சகச்சமாகக் கட்டிவிட்டார்கள். யாரோ மணையில் உட்கார்த்தினார்கள்.

"கோத்திரம் தெரியும். என் நக்ஷத்திரம்..." என்று ஆரம்பித்தார்.

"திருவோணம். அதெல்லாம் மாமி அன்னிக்கே சொல்லியாச்சு," என்றார் வாத்தியார்.

அன்னிக்கே என்றால் என்னிக்கு என்று கேட்க அவருக்கு அப்போது தோன்றவில்லை. மாளவிகா மடியில் வந்து உட்கார்ந்தாள். எல்கேஜி கனம் இல்லை, கால் மரத்துப் போகிற கனம். அந்தக் கையைப் பிடித்து இன்னொருத்தன் கையில் வைத்துத் தண்ணீர் விடுகிற போது, சாம்பசிவன் ஓ என்று அழுதுவிட்டார். நாகஸ்வரக்காரன் கெட்டிமேளம் என்று நினைத்துக்கொண்டு முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டான். வாத்தியார் கையை அசைத்து நிறுத்த வேண்டியிருந்தது.

இன்னொரு விஷயம். கன்னிகாதானம் பண்ணுகிறவர்கள் எல்லாம் முடிகிற வரைக்கும் பட்டினி இருக்க வேண்டும். மாங்கல்யதாரணம், பாணிக்கிரகணம், சப்தபதி, ஹோமம், ஆசீர்வாதம் என்று ஒவ்வொன்றாக முடிந்து பந்தியில் உட்காரும் போது மணி இரண்டு. காப்பி கூடக் குடிக்காத வயிறு. ஹோமப் புகை. அழுத அழுகை வேறு. அந்த நிலைமையில் இலையில் உட்கார்ந்த சாம்பசிவன் நார்த்தங்காய் ஊறுகாயையே அன்போடு பார்த்தார்.

கடைசியில் போளி வந்தது. மஹேஷே தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு வந்தான். சுடச்சுட, நெய் பளபளக்க, ஒன்று இலையில் விழுந்தது. பின்னாலேயே ஒருத்தன் பால்பாயசத்தை மேலே ஊற்றினான்.

தொடக்கூடாது. அதற்காகத்தானே வந்தது? சாம்பசிவன் கையை மடியில் வைத்துக்கொண்டார். பல்லைக் கடித்தார். எதிர்வரிசையைப் பார்த்தார். எதிர்வரிசையில் எல்லோரும் பிசைந்துகொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்கும் போது இலையில் போளி இல்லை. விரல்கள் எல்லாம் பாயசம். மஹேஷ் இரண்டாவதைப் போட்டான். அது போன வழி கண்ணுக்குத் தெரிந்தது. மூன்றாவதில்தான் ருசி தெரிந்தது.

"அண்ணா," என்று மஹேஷ் குனிந்து மெதுவாகக் கேட்டான். "பூர்ணம் சரியா இருக்கா?"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு சாம்பசிவன் தம்பியோடு பேசின முதல் வார்த்தை இது:

"ஏலக்கா தூக்கல்."

மஹேஷுக்குக் கண் தளும்பிவிட்டது. "எனக்கு வரலைண்ணா. அம்மா பண்ணினாப்ல எனக்கு வரவேயில்லை. கேமராவைக் கண்டதும் பெருமைல வாய் உளறிட்டேன். நீங்கதான் கடைக்கு வந்து ஒரு வாட்டி கிளறிக் காட்டணும்."

"நாளைக்கு வரேன். பருப்பைக் குழைய விட்டுடாதே," என்றார் சாம்பசிவன். நாலாவது போளிக்குக் கையை நீட்டினார். அவருக்கு மனசு லேசாக இருந்தது.

அப்போதுதான் லலிதாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அடுத்த வீட்டு சரசம்மா, பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே குரல் கொடுத்தாள். அக்ரஹாரத்துக்குள் குடியிருக்கிற மலையாளத்துக்காரி. ஆனால் அக்ரஹாரத்து வம்பு அத்தனையும் அவள் கையில்.

"லலிதே, ஆ ராஜாவிண்டெ புஸ்தகம் நாளை வாயனசாலையில் திரிச்சு கொடுக்கணும் கேட்டோ. ரண்டு தவண வாயிச்சில்லே நீ?"

அந்த ராஜா புஸ்தகத்தை நாளைக்கு லைப்ரரியில் திருப்பிக் கொடுக்கணும், நீதான் இரண்டு தடவை படிச்சாச்சே என்கிறாள். சாம்பசிவனுக்குப் பாயசம் புரையேறிற்று. லலிதா அவர் தலையில் தட்டினாள். தட்டிக்கொண்டே, "அப்பறம் பேசிக்கலாம், சரசம்மா," என்றாள்.

உலகத்துப் பாஷை எல்லாவற்றிலும் வந்த புஸ்தகம் மலையாளத்தில் வராதா? கரண்ட் பில்லா, ரேஷன்கடை போர்டா, கார்ப்பரேஷன் நோட்டீஸா, எது வந்தாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துச் சொல்வது லலிதாதானே? சாம்பசிவனுக்கு மலையாள எழுத்து இன்றைக்கும் தகராறுதான். தனக்குத் தெரிந்த பாஷையில் படிக்கத் தெரியாதவளைப் படிக்கவே தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார், பாவம்.

இரண்டு பேரும் ஆட்டோவில் திரும்பினார்கள். கரமனைப் பாலத்தில் ஆட்டோ சிக்னலுக்கு நின்றது. வெயில் தாழ்ந்துவிட்டது, ஆற்றுக்காற்று வந்தது.

"அப்போ ராணி பட்டினியாத் திரும்பி வந்தது..."

"புஸ்தகத்துல ராணி வாசப்படியே தாண்டலை."

"தெரிஞ்சுண்டேதான் கண்ணைத் துடைச்சுண்டியா?"

"அழுதது நிஜம்னா. நீங்க படிக்கறதுக்கு முன்னாடியே சரசம்மா கொண்டுவந்து கொடுத்தா. அந்தக் காலி நாற்காலி எழுதியிருக்கானே, அந்தப் பக்கத்துல எனக்கு நெஞ்சையே அடைச்சுடுத்து. நம்ம மாளு உங்களுக்குன்னு ஒரு சேர் போடச் சொல்லியிருக்கேன்னாளே. நீங்க வந்து ராணி பட்டினி கிடந்தான்னு படிச்சப்போ எனக்கு அதுதான் ஞாபகம் வந்துது."

சாம்பசிவன் ஆற்றைப் பார்த்தார். புஸ்தகத்தில் அந்தப் பக்கத்தை அவரும் அதற்காகத்தான் வேகமாகத் திருப்பினார். அதை இப்போது சொல்லி என்ன? அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அதில் இன்னும் சந்தனம் மணத்தது.

"ஏண்டி, அந்த ராஜா கடைசி வரைக்கும் போகாமலே இருந்துட்டானே. கூடப் பொறந்தவன் கல்யாணம். அவனுக்கு மட்டும் மனசு அடிச்சுண்டிருக்காதா?"

"அடிச்சுண்டுதான் இருந்திருக்கும், பாவம்," என்றாள் லலிதா. "என்ன பண்றது? அவனுக்கு வாய்ச்ச ராணிக்குச் சாமர்த்தியம் போறலை."